அர்செனியோவுக்கு ஒட்டிய இறக்கை

வில்யரிக்கா அருகே, நம் வீடு
ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்

அன்புள்ள தம்பி பொர்ஃபீரியோவுக்கு,

அக்கா சுனில்டா ஆசீர்வதித்து எழுதுவது. புவெனோஸ் ஐரிஸில் நீயும் மிர்த்தாவும் பிள்ளைகளும் கடவுள் கிருபையால் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நானும் சுகம் என்று எழுதினால் அது பொய். உடம்புக்கு ஒன்றுமில்லை. எரிச்சல் தாங்கவில்லை, அவ்வளவுதான்.

தந்தி வந்திருக்கும். "நம் சின்னச் சம்மனசு மோட்சத்துக்குப் பறந்துவிட்டது" என்று என் பெயர் போட்டு அடித்தது நானில்லை. இல்லத்து மதர் பெர்பெத்துவா. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் அடித்திருந்தால், அர்செனியோ செத்துவிட்டான், உடனே கிளம்பி வா என்று அடித்திருப்பேன். ஆமாம் தம்பி, நம் அர்செனியோ போய்விட்டான். வியாழக்கிழமை மத்தியானம், அந்த இல்லத்திலேயே. துக்கத்தைச் சொல்லிவிட்டேன். இனி கோபத்தைச் சொல்கிறேன், உட்கார்ந்து படி.

கூடப்பிறந்த எனக்கு அதை யார் சொன்னது தெரியுமா? ரொட்டிக்கார லியோன்சியோ. வெள்ளிக்கிழமை காலையில் வேனை வாசலில் நிறுத்தி, "சுனில்டாக்கா, இல்லத்துல உங்க தம்பிக்கு வெடி போட்டுக்கிட்டிருக்காங்க, நீங்க இங்க மாட்டைப் புடிச்சிக்கிட்டு நிக்கிறீங்க?" என்றான். போட்டது போட்டபடி ரொட்டிக் கூடைகளுக்கு நடுவே ஏறி உட்கார்ந்து போனேன். செருப்புகூட மாற்றவில்லை.

கோயிலுக்குள் நுழைந்தால் பாட்டு. ஹார்ப் வாசிக்க ஒருவன், கிட்டாருக்கு ஒருவன், கல்யாண வீட்டு மெட்டு. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கையில் பூவோடு வரிசையாக நிற்கிறார்கள். நடுவில் நம் அர்செனியோ. வெள்ளை சாட்டின் அங்கி. தலையில் காகிதப் பூ கிரீடம். முதுகுக்குப் பின்னால் கம்பியில் ஒட்டிய காகித இறக்கை இரண்டு. கன்னத்தில் சிவப்புச் சாயம். மீசை இல்லை, தம்பி. வழித்துவிட்டார்கள். இருபது வயதிலிருந்து அவன் வைத்திருந்த மீசை. யாராவது ஒரு பக்கம் கூடக் குறைய வெட்டிவிட்டால் அன்று முழுக்கச் சாப்பிடாமல் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு கிடப்பானே, அந்த மீசை.

கைக்குழந்தை செத்தால் நம் ஊரில் என்ன செய்வோம் என்று உனக்குத் தெரியாததா. வெள்ளை உடுப்பு, இறக்கை, வெடி, பாட்டு. பாவமறியாத பிள்ளை, தேவதூதரைப் போல சம்மனசாகி நேரே போய்விடும். அழக்கூடாது, செத்தவர்களுக்கு ஒன்பது நாள் சொல்கிற நவநாள் ஜெபம் வைக்கக்கூடாது. நம் அம்மாவும் இரண்டை அப்படித்தான் அனுப்பிவைத்தாள். சரி, அது குழந்தைக்கு. ஐம்பத்தோரு வயது ஆளுக்கா? கால் வராது, கை முறுக்கிக்கொள்ளும், பேச்சு குழறும். அதனால் குழந்தையாகிவிடுவானா? அம்மா செத்த பிறகு என் முதுகு பிடித்துக்கொண்டபோது, "நீ கிழவியாயிட்ட, என்னைத் தூக்குறேன்னு கீழ போட்டுக் கொன்னுடுவ, எங்கயாவது கொண்டுபோய் விடு" என்று அவனே சொல்லித்தான் அந்த இல்லத்துக்குப் போனான். குழந்தை சொல்கிற பேச்சா அது?

நான் அழத் தொடங்கியதும் யாரோ ஒரு பெண்மணி ஓடிவந்து, "அழாதீங்கம்மா, இறக்கை நனைஞ்சிடும், பறக்க முடியாம தவிப்பான்" என்றாள். எனக்கு வந்ததே ஒரு வெறி. இறக்கையைப் பிடித்து இழுத்தேன். ஒன்று கையோடு வந்துவிட்டது. பாட்டு நின்றது, பிள்ளைகள் அலறினார்கள், சின்ன சிஸ்டர் கிளெமென்சியா முகத்தைப் பொத்திக்கொண்டாள். மதர் மட்டும் அசையவில்லை. என் தோளைத் தொட்டு, "சுனில்டா, உங்களுக்குக் கஷ்டம் வேணாம்னுதான் எல்லாத்தையும் நாங்களே முடிச்சிட்டுச் சொல்லலாம்னு இருந்தோம்" என்றார். பெரிய உபகாரம்!

எப்படிச் செத்தான் என்று கேட்டேன். தூக்கத்திலேயே என்றார். இருமல் இருந்ததே, போன ஞாயிறு நான் வந்தபோதே நெஞ்சு கரகரவென்றிருந்ததே, டாக்டர் பார்த்தாரா என்று கேட்டேன். "சம்மனசு போறதுக்கு டாக்டர் எதுக்கு? ஆண்டவர் கூப்பிட்டார், பறந்துட்டான்" என்றார். இதற்கு மேல் என்ன கேட்பது, சொல். மனிதன் செத்தால் ஏன், எப்படி என்று கேட்கலாம். பறந்துபோனதை யாரிடம் போய்க் கேட்பது?

பெட்டியையும் சொல்லிவிடுகிறேன். வெள்ளைப் பெட்டி குழந்தை அளவில்தான் கிடைக்கும் என்பதால், பெரிய பெட்டி ஒன்றுக்கு அவசர அவசரமாக வெள்ளையடித்திருக்கிறார்கள். பெயிண்ட் காயவில்லை. என் சட்டைக் கை முழங்கை வரை வெள்ளையாகிவிட்டது, மண்ணெண்ணெய் போட்டும் போகவில்லை. கல்லறையில் பச்சைப் பிள்ளைகளைப் புதைக்கிற மூலையில் அவனைப் புதைத்தார்கள். அம்மா அப்பா பக்கத்தில் இடம் இருக்கிறது என்று கத்தினேன். யார் காதில் விழுந்தது? பிள்ளை அழுதால் காதைப் பொத்திக்கொள்கிற ஆள், இப்போது சுற்றிலும் பிள்ளைகளோடு கிடக்கிறான்.

சரி, நவநாளாவது ஒழுங்காக வைப்போம் என்று ஜெபம் சொல்லும் கசில்டாம்மாவிடம் போனேன். சுருட்டை வாயிலிருந்து எடுக்காமலே, "சம்மனசுக்கு நவநாளா? ஊர் சிரிக்கும்டி. அதோட அந்த ஆத்துமா கோவிச்சுக்கும்" என்றாள். பங்குச் சாமியார் ஃபெர்மினிடம் போனேன். அவரும் அதையே கொஞ்சம் படித்த பேச்சில் சொன்னார். பாவம் செய்யாதவனுக்கு, செத்தபின் பாவத்தைக் கழுவுகிற உத்தரிக்கிற ஸ்தலம் கிடையாதாம், ஜெபம் எதற்காம்.

தம்பி, செத்துப்போன தம்பிக்குப் பாவம் இருந்தது என்று சாமியாரிடம் சண்டை போட்டவள் இந்த நாட்டில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். சொன்னேன். சீட்டாட்டத்தில் ஏமாற்றுவான், சாமி. சாராயத்தை ஸ்ட்ரா வைத்து உறிஞ்சிவிட்டு டீ என்பான். பிஷப் வந்த அன்று இல்லத்துக் கிளி வாய் கூசும் வார்த்தை சொன்னதே, அதைச் சொல்லிக்கொடுத்தது இவன். கிளியும் இவனைப் போலவே குழறிச் சொன்னதால்தான் மாட்டிக்கொண்டான். துணி துவைக்கிற கொட்டகைக்குப் பின்னால், இல்லத்திலிருக்கும் பிளாசிதாவுக்கு முத்தம் கொடுத்துச் சிஸ்டர் கையில் பிடிபட்டவன். அதுவும் ஒரு தடவை அல்ல.

சாமியார் சிரித்துவிட்டார். "அதெல்லாம் குறும்பும்மா, பாவமில்ல" என்றார். "நான் செஞ்சா பாவம், அவன் செஞ்சா குறும்பா? அவன் என்ன உங்க வீட்டு நாய்க்குட்டியா?" என்று கேட்டுவிட்டேன். கேட்டது தப்புதான், ஆனால் திருப்பி எடுத்துக்கொள்ளமாட்டேன். கடைசியில் அவர், தெரிந்தே செய்த பெரிய பாவம் ஏதாவது இருந்தால் சொல்லுங்கள், நானே வந்து நவநாளை முடித்துவைக்கிறேன் என்றார், விளையாட்டாக.

நேற்றிலிருந்து முன்னறையில் மேசை போட்டு, வெள்ளைத் துணி விரித்து, மெழுகுவத்தி ஏற்றி நானே தனியாக ஜெபமாலை சொல்கிறேன். மன்றாட்டு மாலை பாதியில் மறந்துபோகிறது. இரண்டு பேர் வந்தார்கள், சிப்பா ரொட்டி தின்றுவிட்டுப் போனார்கள்.

மற்றபடி, மரவள்ளி பனியில் கருகிவிட்டது. சிவப்பு மாட்டுக்கு மடி வீக்கம். மிர்த்தா அனுப்பிய கம்பளிச் சட்டை நன்றாக இருக்கிறது, கைதான் நீளம்.

உனக்கு இரண்டு வேலை. ஒன்று, வருகிற ஞாயிறு ஒன்பதாம் நாள், வா. இரண்டாவது, நீயும் அவனும் ஒரே அறையில் படுத்து வளர்ந்தவர்கள், எனக்குத் தெரியாதது உனக்குத் தெரியும். அவன் தெரிந்தே செய்த பாவம் ஒன்றை எழுது. இந்தக் கடிதத்தைப் பஸ் ஓட்டுநர் அன்செல்மோவிடம் கொடுக்கிறேன், பதிலையும் அவரிடமே கொடு.

உன் அக்காவும் ஞானத்தாயுமான
சுனில்டா

*

வியாழக்கிழமை, மத்தியானம்

தம்பி பொர்ஃபீரியோவுக்கு,

உன் பதில் இன்று காலை கிடைத்தது. படித்துவிட்டு அடுப்பில் போடப் போனேன். மிர்த்தா பாவம், கடைசியில் எனக்கு ஆறுதலாக நாலு வரி எழுதியிருந்தாளே என்று வைத்திருக்கிறேன்.

தந்தியைப் பார்த்து என் பேரன்தான் போய்விட்டான் என்று எல்லாரும் அலறினீர்களாம், பிறகு அர்செனியோ என்று தெரிந்ததும் மனசு கொஞ்சம் ஆறியதாம். ஆறியதாம்! எழுதும்போது கை கூசவில்லையா உனக்கு? பாவம் ஒன்று எழுது என்று கேட்டால், "அண்ணன் ஓர் ஈக்குக்கூடத் தீங்கு நினைக்காத சம்மனசு, சண்டை வேண்டாம், நன்றாகத்தானே பார்த்துக்கொண்டார்கள், விடு அக்கா" என்று எழுதியிருக்கிறாய். நீ புவெனோஸ் ஐரிஸ் கிளம்பிய அன்று கட்டிப்பிடிக்கிற மாதிரி இழுத்து உன் கையைக் கடித்தானே, ரத்தம் வந்ததே. அது சம்மனசு கடித்த கடியா? போகாதே என்று உன்னிடம் சொல்ல அவனுக்கு வேறு வழி தெரியவில்லை. சரி, அதை விடு. நடந்ததைச் சொல்கிறேன், இதை மட்டும் கவனமாகப் படி.

நேற்று சாயங்காலம் நான் ஜெபமாலையில் தடுமாறிக்கொண்டிருந்தேன். கசில்டாம்மா, ஜெபம் சொல்ல வரவில்லை, வெறுமனே எட்டிப்பார்க்க வந்தேன் என்று சொல்லி ஜன்னலோரம் சுருட்டோடு உட்கார்ந்திருந்தாள். லியோன்சியோவின் ரொட்டி வேன் வந்து நின்றது. அதிலிருந்து பிளாசிதா இறங்கினாள். ஒரு கால் குட்டை என்பதால் வேனைப் பிடித்துக்கொண்டே இறங்கினாள். மேலே தரையைத் தொடுகிற ஒரு கறுப்பு மழைக்கோட்டு. அது சாமியார் ஃபெர்மினுடையது. கறுப்பு உடுத்தக்கூடாது, சம்மனசு போனதற்குத் துக்கம் கூடாது என்று மதர் அவளுடைய கறுப்புத் துணியைப் பிடுங்கிக்கொண்டாராம். அதனால் கோயில் ஆணியில் மாட்டியிருந்த கோட்டைத் திருடி மாட்டிக்கொண்டு, லியோன்சியோவிடம் நாலே வார்த்தை பேசி வந்துவிட்டாள். லியோன்சியோ என்னிடம், "இவங்க ஏறி உக்காந்துக்கிட்டு எறங்க மாட்டேன்னுட்டாங்கக்கா, நான் என்ன செய்ய?" என்றான்.

பிளாசிதா ஒவ்வொரு வார்த்தையாக எடுத்துவைத்துத்தான் பேசுவாள். மூளை மெதுவாக ஓடுகிறது என்று இல்லத்தில் சொல்வார்கள். கசில்டாம்மா அவளை மேலும் கீழும் பார்த்து, "நீ யாரு வீட்டுப் பொண்ணுடி?" என்றாள். "நான் பொண்ணு இல்ல. நான் அவரு பொம்பளை" என்று சொல்லிவிட்டு, பிளாசிதா மெழுகுவத்திக்குப் பக்கத்தில் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். அது செத்தவரின் மனைவிக்கு விடுகிற நாற்காலி. நான் வழக்கத்துக்காகப் போட்டுவைத்திருந்தேன், யாரும் உட்காரவில்லை.

பிறகு நாங்கள் கேட்காமலே சொன்னாள். அவள் சொன்னபடியே எழுதுகிறேன். "மத்தியானம் எல்லாரும் தூங்குற நேரம். அவரு கூப்பிட்டாரு. மூச்சு வரலன்னாரு. டாக்டர் டாக்டர்னாரு. கிளெமென்சியா சிஸ்டர் வந்தாங்க. சத்தம் போடாத, நல்ல பிள்ளையா தூங்கு, மத்தவங்க எந்திரிச்சிடுவாங்கன்னாங்க. கதவைச் சாத்திட்டுப் போயிட்டாங்க. நான் அடுத்த ரூம்பு. எனக்கும் கதவு பூட்டு. நான் சுவத்தைத் தட்டினேன். அவரும் தட்டினாரு."

கசில்டாம்மாதான், அப்புறம் என்ன என்று கேட்டாள்.

"அப்புறம் திட்டினாரு. சிஸ்டரைத் திட்டினாரு. மதரைத் திட்டினாரு. கடைசியா கடவுளைத் திட்டினாரு. கிளிக்குச் சொல்லிக்கொடுத்தாரே, அந்த வார்த்தை. அப்புறம் தட்டல."

நம் ஊரில் மத்தியானத் தூக்கத்தை யாரும் கலைக்கமாட்டோம். கடன்காரன்கூட அந்த நேரத்தில் கதவைத் தட்டமாட்டான். அந்த மரியாதையில் என் தம்பி செத்திருக்கிறான். குழந்தை அடம்பிடிக்கிறது, கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும் என்று விட்டிருக்கிறார்கள். பொர்ஃபீரியோ, ஐம்பத்தோரு வயது ஆள் மூச்சு வரவில்லை, டாக்டரைக் கூப்பிடு என்றால், அதில் புரியாமல் போக என்ன இருக்கிறது?

கசில்டாம்மா சுருட்டைக் கீழே போட்டாள். "கடவுளைத் திட்டினாரா? தெரிஞ்சே திட்டினாரா?" என்று கேட்டாள். "தெரிஞ்சேதான்" என்றாள் பிளாசிதா. கிழவி சால்வையைத் தலைக்கு இழுத்துவிட்டு முழங்காலில் விழுந்தாள். "அப்படின்னா அவருக்கு ஜெபம் வேணும். ரொம்ப வேணும். சுனில்டா, தள்ளிக்க, நீ எல்லாத்தையும் தப்புத் தப்பா சொல்ற" என்றாள். ஜெபமாலையின் முதல் மணியிலிருந்து தொடங்கினாள். தம்பி, நான் அப்போதுதான் அழுதேன். அதுவரை அழுததெல்லாம் கோபத்தில் அழுதது.

இன்று காலை மதர் ஜீப்பில் வந்தார், தன் மழைக்கோட்டைத் தேடிச் சாமியாரும் கூடவே. குழந்தையைக் கூட்டிப்போக வந்தேன் என்றார் மதர். பிளாசிதா நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. அவள் வாயாலேயே இன்னொரு தடவை சொல்லவைத்தேன். சாமியார் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். மதரோ, "அவ மனசு குழந்தை மனசு, சுனில்டா. கனவு கண்டிருப்பா. அவ பேச்சையெல்லாம் யாரு சாட்சியா எடுத்துப்பாங்க?" என்றார். கெட்ட எண்ணத்தோடு சொன்னதாகக்கூடத் தெரியவில்லை. அன்பாகத்தான் சொன்னார். அந்த அன்பில்தான் எனக்கு ரத்தம் கொதிக்கிறது.

இப்போது புரிகிறதா, நான் ஏன் விடமாட்டேன் என்கிறேன் என்று? அர்செனியோ சம்மனசு என்று நாம் ஒப்புக்கொண்டால், பிளாசிதாவும் குழந்தை. குழந்தை பேச்சு எடுபடாது. அங்கே இன்னும் பதினெட்டு இருபது பேர் இருக்கிறார்கள். அவர்களும் கூப்பிடுவார்கள், மத்தியானத்தில் கதவு சாத்தப்படும், பிறகு வெடி போடுவார்கள்.

சாமியார் போகும்போது என்னிடம் தாழ்ந்த குரலில், "இத்தனை வருஷத்துல நான் அவர்கிட்ட பாவசங்கீர்த்தனம் கேட்டதே இல்ல, சுனில்டா. பேச்சு புரியாதுன்னு ஆசீர்வாதம் மட்டும் கொடுத்துட்டுப் போயிடுவேன்" என்றார். ஞாயிற்றுக்கிழமை, பெரியவர்கள் செத்தால் உடுத்தும் கறுப்பு அங்கியோடு தானே வருவதாகச் சொன்னார். கோட்டை அவளிடமே விட்டுவிட்டார். பிளாசிதா இப்போது உன் பழைய அறையில் படுத்திருக்கிறாள். நன்றாகச் சாப்பிடுகிறாள். மாடு என்றால் பயப்படுகிறாள்.

தம்பி, இந்தக் கடிதம் இன்றிரவு பஸ்ஸில் வருகிறது, நாளை உன் கையில் இருக்கும். மேஸ்திரியிடம் என்ன சொல்வாயோ, சனிக்கிழமை பஸ்ஸைப் பிடித்துவிடு. ஒன்பதாம் நாள் ஊரே வரும். வாசலில் கைகொடுத்துவிட்டு ஒவ்வொருவரும் கேட்பார்கள், எப்படிப் போனார் என்று. அது வழக்கம், கேட்காமல் யாரும் உள்ளே வரமாட்டார்கள். பதிலை நான் சொல்லப்போவதில்லை. நான் சொன்னால், சுனில்டாவுக்குக் கோபம், இல்லத்தோடு சண்டை என்று போய்விடுவார்கள். பிளாசிதா சொல்லட்டும். மனைவி சொல்லவேண்டியது அது. ஊர் நீதிபதி தோன் உபால்தோவும் வருவார், அவரும் கேட்டாகவேண்டும்.

அவள் மெதுவாகத்தான் சொல்வாள். ஜனங்களுக்குப் பொறுமை இருக்காது. பாதியில் சிரிப்பார்கள், என்னைப் பார்ப்பார்கள். அப்போது அவள் பக்கத்தில் நீ நிற்கவேண்டும். நீ ஒன்றும் விளக்கவேண்டாம். ஆம்பிளையாக, செத்தவனின் தம்பியாக, ஊர் கேட்க அவளை அண்ணி என்று கூப்பிட்டு, "சொல்லுங்கண்ணி" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இதுவரை உன்னிடம் நான் அதிகம் கேட்டதில்லை. இதைக் கேட்கிறேன்.

வந்தால் மிர்த்தாவையும் கூட்டி வா. வராவிட்டால் விளக்கம் எழுதாதே, படிக்கமாட்டேன்.

ஞானத்தாயின் ஆசீர்வாதம் உனக்கும் உன் வீட்டாருக்கும். உனக்கு நீண்ட ஆயுசு உண்டாகட்டும். வயதாகிப் படுக்கையில் கிடந்து நீ கூப்பிடும் நாளில், மத்தியானமென்றும் பாராமல் எழுந்து வந்து, உனக்கு என்ன வேண்டும் என்று கேட்க ஒருவர் இருக்கட்டும்.

அக்கா
சுனில்டா